செம்பா, அலுமினியமா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலூரில் எங்கள் பழைய வீட்டின்மேல் ஒரு மாடி எடுக்கிறோம். கீழ்த்தளம் அப்பா 1978இல் கட்டியது. அதில் ஓடுவது முழுக்க அலுமினிய ஒயர். மாடிக்கும் அலுமினியமே போதும் என்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன். "ஈபியே அலுமினியத்துலதான் கரண்ட் கொண்டாறான். ஒரு சைஸ் கூட்டிப் போட்டா அதுவும் செம்பும் ஒண்ணுதான் சார்" என்பது அவர் வாதம். அலுமினியம் போட்டால் வீடு பற்றிக்கொள்ளும் என்கிறார் என் மாமா. செம்பு விற்கிற விலையில் யாரை நம்புவது என்று தெரியவில்லை. கீழ்த்தள ஒயரையும் பிடுங்க வேண்டுமா? மாடியில் ஒரு ஏசியும் வைக்கிறோம். காப்பர் காயில் உள்ளதாகப் பார்த்து வாங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டுக்கும் கடலுக்கும் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இந்த இரண்டு உலோகத்துக்கும் இடையே உண்மையில் என்னதான் வித்தியாசம்?

கே., கடலூர்

அன்புள்ள கே.,

உங்கள் எலக்ட்ரீஷியன் போட்ட கணக்கு சரி. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை நான் ஏற்கமாட்டேன்.

முதலில் கணக்கு. மின்சாரத்தைக் கடத்துவதில் செம்பை 100 என்று வைத்தால் அலுமினியம் சுமார் 61. ஆகவே அதே மின்தடை வேண்டுமென்றால் அலுமினியக் கம்பியின் குறுக்குப் பரப்பு 1.6 மடங்கு இருக்க வேண்டும். நம் ஊரில் விற்கும் அளவுகள் இதற்கு வாகாகவே அமைந்திருக்கின்றன. 2.5 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 7.41 ஓம். 4 ஸ்கொயர் எம்எம் அலுமினியத்துக்கும் அதே 7.41 ஓம். 4 செம்புக்கு 6 அலுமினியம், 6 செம்புக்கு 10 அலுமினியம் என்று மேலேயும் இப்படியே போகும். எடையிலோ அலுமினியம் வெகுதூரம் முந்துகிறது. செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், அலுமினியத்துடையது 2.70. பரப்பைக் கூட்டிய பிறகும் அலுமினியக் கம்பி பாதி எடைதான். கிலோ விலையும் செம்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு என்பதால், உலோகத்துக்கு மட்டும் ஆகும் செலவு ஆறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. 

மின்வாரியம் அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கம்பியின் பாரத்தைக் கோபுரம் தாங்க வேண்டும். நடுவில் எஃகு இழை, சுற்றிலும் அலுமினிய இழைகள் என்று முறுக்கிய கம்பியை வைத்தால் தொய்வும் குறைவு, பாரமும் குறைவு.

வீட்டுக்குள் கம்பி தொங்கப்போவதில்லை. பைப்புக்குள் படுத்துக் கிடக்கும் அந்த நீளத்தில் அலுமினியத்தால் தொல்லை எதுவும் வராது. 2 கிலோவாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கிறது; போர்டிலிருந்து 20 மீட்டர் தூரம் என்று வையுங்கள். 2.5 செம்பில் விழும் வோல்ட்டேஜ் 2.6. சைஸைக் கூட்டாமல் 2.5 அலுமினியமே போட்டாலும் 4.2 வோல்ட்தான். 230இல் இது ஒன்றுமே இல்லை. ஆபத்து முழுவதும் கம்பியின் இரண்டு முனைகளில், சுவிட்சுக்கும் பிளக்குக்கும் உள்ளே ஸ்க்ரூ அழுத்துகிற அந்த அரை சென்டிமீட்டரில் இருக்கிறது.

அங்கே நடப்பது இது. காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின்மேல் ஆக்சைடு படிந்துவிடும். சில நானோமீட்டர் கனம்தான், ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தாது, கெட்டியும்கூட. சுரண்டி எடுத்தால் அடுத்த நொடியே மறுபடி படியும். செம்பின் ஆக்சைடு இவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. ஸ்க்ரூ அழுத்தத்தில் உடைந்து உலோகத்தோடு உலோகம் தொட வழிவிடும். அடுத்தது விரிவு. ஒரு டிகிரி வெப்பத்துக்குச் செம்பு மீட்டருக்கு 17 மைக்ரோமீட்டர் நீளும், அலுமினியம் 23. ஸ்க்ரூ பித்தளை, அது ஏறக்குறையச் செம்பை ஒட்டியே விரியும். கீசர் ஓடும்போது சூடேறி விரியும் அலுமினியம், பித்தளைக்கு நடுவே இடமில்லாமல் நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்குகிறது. அணைத்ததும் சுருங்குகிறது, பிதுங்கியது திரும்பி வருவதில்லை. மயிரிழை இடைவெளி விழுகிறது. அதில் காற்று நுழைந்து புதிதாக ஆக்சைடு. தடை கூடுகிறது, அடுத்த முறை இன்னும் சூடு, இன்னும் பிதுங்கல். பல மாதம், சில இடங்களில் பல ஆண்டு எடுத்துக்கொண்டு இது முற்றும்.

அந்த இணைப்பின் தடை 0.1 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆம்பியர் ஓடினால் அந்த இடத்தில் 22.5 வாட் வெப்பம். பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துச் சுவரில் மூடிவிட்டது போலத்தான். மின்னோட்டம் மிஞ்சினால் இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி விழாது, ஏனென்றால் மின்னோட்டம் கூடவில்லை. மின்கசிவு கண்டால் துண்டிக்கும் ஆர்சிசிபியும் விழாது, பூமிக்குக் கசிவு இல்லை. மனிதர்கள் கவனித்தால்தான் உண்டு: சுவிட்ச் பிளேட் வெதுவெதுப்பாக இருப்பது, பிளக் துளை பழுப்பேறுவது, பெரிய லோடு போட்டதும் விளக்கு மங்கி மீள்வது, எரிந்த பிளாஸ்டிக் வாடை.

உங்கள் மாமாவின் பயம் வெறும் பேச்சில்லை. 1960களின் நடுவில் செம்பு விலை ஏறியபோது அமெரிக்காவில் 1965 முதல் 1973 வரை சுமார் 20 லட்சம் வீடுகளுக்கு அலுமினிய ஒயர் போட்டார்கள். தீ விபத்துகள் வந்தன. 1972க்கு முன் தயாரான அலுமினிய ஒயர் உள்ள வீடுகளில், ஏதாவது ஓர் இணைப்பு தீப்பிடிக்கும் நிலைக்குச் சூடாகும் வாய்ப்பு செம்பு வீடுகளைவிட 55 மடங்கு என்று அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. பிறகு இரும்பு சிறிது சேர்த்து, பிதுங்கும் குணம் குறைந்த 8000 வரிசை அலுமினியக் கலவைகள் வந்தன. அந்தக் கம்பியும் அதற்கென்று செய்த சுவிட்சுகளும் இருந்தால் கதை வேறு. நம் கடைகளில் கிடைக்கும் மாடுலர் சுவிட்சின் டெர்மினல் செம்பு ஒயரை மனதில் வைத்துச் செய்தது.

எனவே மாடிக்குச் செம்பு. விளக்கு, ஃபேனுக்கு 1.5, 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5, ஏசிக்குத் தனி எம்சிபியுடன் 4 ஸ்கொயர் எம்எம். காசை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மீட்டரிலிருந்து மாடி டிபி போர்டு (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) வரை போகும் மெயின் கேபிளில் பிடியுங்கள். அது ஒரே நீளம், இரண்டே முனை. 16 ஸ்கொயர் எம்எம் அலுமினிய ஆர்மர்டு கேபிள் (இரும்புக் கவசம் சுற்றியது) தாராளமாகப் போடலாம். அந்த இரண்டு முனைகளையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

ஒழுங்காக என்றால் இப்படி. கேபிள் முனையில் மாட்டும் பைமெட்டல் லக் வாங்குங்கள்: கேபிள் நுழையும் குழல் அலுமினியம், போல்ட் போடும் தட்டை செம்பு, இரண்டையும் தொழிற்சாலையிலேயே ஒட்டவைத்திருப்பார்கள். உள்ளே தடவியிருக்கும் கிரீஸைத் துடைத்துவிடக் கூடாது. குழலின் ஆழத்துக்கு மட்டும் இன்சுலேஷனை உரியுங்கள். கத்தி இழையில் கீறினால் அலுமினியம் அந்த இடத்தில் இரண்டு மூன்று மடிப்பிலேயே ஒடியும். கம்பி பிரஷ்ஷால் இழைகளைப் பளபளப்பாகத் தேய்த்து, கையோடு துத்தநாகத் துகள் கலந்த ஜாயின்ட் காம்பவுண்டைத் தடவி, குழலின் அடிவரை செருகுங்கள். கிரிம்பிங் கருவியில் அந்த அளவுக்குரிய அறுகோண அச்சை (டை) மாட்டி, தட்டைப் பக்கம் ஒரு அழுத்து, வாய்ப் பக்கம் ஒரு அழுத்து. சுத்தியலால் தட்டி நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. எம்சிபியின் துளைக்குள் நுழைய வேண்டுமென்றால் பின் வடிவ லக் கிடைக்கும். துளை சிறிதாக இருக்கிறதென்று ஏழு இழையில் இரண்டை வெட்டிவிட்டுச் செருகுகிற பழக்கம் நம்மூரில் பரவலாக இருக்கிறது. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

எர்த் கம்பிக்கு அலுமினியத்தை மண்ணில் புதைக்கவே கூடாது. காரத்தில் அதன் ஆக்சைடு கரைந்துவிடும். ஈரமான சிமென்ட், சுண்ணாம்பு இரண்டுமே காரம். எர்த்துக்குச் செம்பு அல்லது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு).

கீழ்த்தளம் பற்றி. 1978இல் அந்த ஒயர்மேல் விழுந்த பாரம் சில பல்புகள், ஃபேன்கள், ஒரு ரேடியோ. இன்று அதே ஒயரில் கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடினால் அவற்றை இன்றே நிறுத்தி, போர்டிலிருந்து தனிச் செம்பு ஒயர் இழுங்கள். மற்றதை 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவி) சோதிக்கச் சொல்லுங்கள்; 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் இன்சுலேஷன் போய்விட்டது என்று அர்த்தம். இத்தனை வருஷத்து பிவிசி வளைத்தாலே உதிரும். என் அபிப்பிராயம், கொத்தனார் வீட்டில் இருக்கும்போதே முழுவதையும் மாற்றிவிடுவதுதான். பைப் வயரிங் என்றால் பழைய ஒயரின் நுனியில் புதியதைக் கட்டி இழுக்கலாம். மரக்கட்டை வயரிங் என்றால் பழையதை இணைப்பு துண்டித்துக் கழற்றிவிட்டு பிவிசி கேஸிங்கில் புதிதாக ஓட்டலாம். எது செய்தாலும், பழைய அலுமினியத்தோடு புதுச் செம்பை முறுக்கி டேப் சுற்றும் வேலை மட்டும் வேண்டாம். கடற்காற்றின் உப்பு ஈரத்தில் அந்த இரண்டு உலோகமும் சேர்ந்தால் பேட்டரி, அரிக்கப்படுவது அலுமினியம். இணைத்தே ஆகவேண்டிய இடத்தில், இரண்டு உலோகத்துக்கும் என்று குறிப்பிட்டு விற்கும், இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனி அறை உள்ள கனெக்டர் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அலுமினிய ஒயரைவிட எனக்கு அதிகக் கவலை தருவது. செம்பு என்று விற்கப்படும் செம்பு முலாம் போட்ட அலுமினிய ஒயர். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை. வாங்குகிறவர் செம்பு என்று நம்பி 2.5 அளவிலேயே போட்டு, சாதாரண ஸ்க்ரூவில் முறுக்கிவிடுவார். அலுமினியத்தின் எல்லாத் தொல்லையும் எந்த முன்னேற்பாடும் இல்லாமல் வந்து சேரும். கண்டுபிடிக்கத் தராசு போதும். 2.5 ஸ்கொயர் எம்எம், 90 மீட்டர் காயிலில் செம்பு மட்டுமே 2 கிலோ இருக்க வேண்டும். அதற்கு மேல் பிவிசி எடை. முலாம் ஒயரில் உலோகம் 1 கிலோகூடத் தேறாது. மொத்தக் காயிலே 2 கிலோவுக்குக் கீழே நின்றால் திருப்பிக் கொடுங்கள். சந்தேகமென்றால் ஓர் இழையைக் கத்தியால் சீவிப் பாருங்கள், அல்லது லைட்டர் சுடரில் பிடியுங்கள். செம்பு 1085 டிகிரியில்தான் உருகும், சுடரில் சிவந்து நிற்கும். அலுமினியம் 660இலேயே தளர்ந்துவிடும். இன்டர்நெட் கேபிளிலும் இந்த முலாம் சமாசாரம் உண்டு.

ஏசிக்கு வருவோம். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு 400, அலுமினியம் 237 என்று கடைக்காரர் சொல்லும் எண் உண்மை. ஆனால் குழாயின் சுவர் அவ்வளவு மெல்லியது. அதைக் கடக்க வெப்பத்துக்கு எந்த உலோகத்திலும் சிரமமில்லை. வெப்பம் தடுமாறுவது குழாய்க்கு வெளியே, காற்றில். செம்பு கேளுங்கள் என்று நான் சொல்வது வேறு காரணத்துக்காக. ஓட்டை விழுந்தால் நம் மெக்கானிக் பாஸ்பரஸ் கலந்த செம்புக் குச்சியால் வீட்டு மாடியிலேயே பற்றவைத்துவிடுவார். குச்சி உருகும் சூட்டுக்கும் குழாய் உருகும் சூட்டுக்கும் நடுவே சில நூறு டிகிரி இடம் இருக்கிறது. அலுமினியத்தில் அந்த இடம் சில பத்து டிகிரிதான். கொஞ்சம் அசந்தால் குழாயே ஓடிவிடும். காயிலையே மாற்ற வேண்டியிருக்கும்.

காப்பர் காயில் வாங்கினாலும் அதன்மேல் இருக்கும் மெல்லிய தகடுகள் அலுமினியம்தான் என்பதை மறக்காதீர்கள். கடலோரத்தில் முதலில் போவது அவைதான். செம்பைத் தொடும் இடத்திலிருந்து வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். நீலமோ தங்க நிறமோ பூச்சு போட்ட தகடுள்ள மாடலாக எடுங்கள். அவுட்டோர் யூனிட்டைக் கடற்காற்று நேரே அடிக்காத மேற்குப் பக்கச் சுவரில் வையுங்கள். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சி உப்பைக் கழுவினால் போதும். சர்வீஸுக்கு வருகிறவர் நுரை பொங்கும் கார க்ளீனர் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தகடு பளிச்சென்று ஆவது அழுக்கோடு அதன் மேல்தோலும் கரைவதால். உள்ளே வெளியே இணைக்கும் குழாயும் செம்புதானா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். சிலர் அதில் மட்டும் அலுமினியம் போட்டுவிடுகிறார்கள்.