இரண்டால் வகுக்க ஷிப்ட் போட வேண்டுமா?

கேள்வி: சி மொழியில் வேலை செய்கிறோம். வேகம் வேண்டுமென்றால் இரண்டால் வகுக்கும் இடமெல்லாம் வலப்பக்க ஷிப்ட் (பிட்களை வலப்பக்கம் ஓரிடம் தள்ளுவது) போடு, உள் லூப்பை அசெம்பிளியில் (செயலியின் கட்டளைகளாகவே) எழுது என்கிறார் எங்கள் சீனியர். சி கோடைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரே அதைப் பார்த்துக்கொள்ளாதா?
– வாசகி, கோவை

பதில்: பார்த்துக்கொள்ளும். ஷிப்ட் போட்டால் வேகம் பெரிதாகக் கூடாது, குறை எண்களில் விடைதான் மாறும். -7ஐ 2ஆல் வகுத்தால் சி மொழியில் -3, அதையே வலப்பக்கம் ஒரு பிட் தள்ளினால் ஜிசிசி கம்பைலரில் -4. கம்பைலருக்கு இது தெரியும், அதனால் ஷிப்டோடு, குறை எண்ணுக்காகச் சரிசெய்யும் கட்டளையையும் சேர்த்தே போடும். எண்ணை அன்சைன்டு (குறை எண் வராதது) என்று அறிவித்திருந்தால் வெறும் ஷிப்டோடு விட்டுவிடும். 10ஆல் வகுத்துப் பாருங்கள், வகுத்தல் கட்டளையே இருக்காது, ஒரு பெரிய மாறிலியால் பெருக்கி ஷிப்ட் செய்திருக்கும். 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே போகும் லூப்பை ஓ2 (கோடை வேகமாக்கச் சொல்லும் ஆப்டிமைஸேஷன் அமைப்பு) வைத்து கிளாங் கம்பைலரிடம் கொடுத்தால் லூப்பே காணாமல் போய், பள்ளியில் படித்த கூட்டல் சூத்திரம்தான் மிஞ்சும். முதல்முறை அந்த அசெம்பிளியைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சீனியரின் சந்தேகம் புதிதல்ல. 1957ல் ஐபிஎம் 704 கணினிக்கு ஃபோர்ட்ரான் மொழியும் அதன் கம்பைலரும் வந்தபோதும் இதே பேச்சுதான். கையால் எழுதிய கோடுக்கு ஈடான வேகம் வராவிட்டால் ஒருவரும் தொடமாட்டார்கள் என்று தெரிந்துதான் அதை உருவாக்கிய ஜான் பேக்கஸ் குழு, மொழியை வடிவமைப்பதைவிட நல்ல கோடு உருவாக்குவதற்கே அதிகம் உழைத்தது.

ஆனால் வரிசைப்படுத்த மெதுவான பபிள் சார்ட் முறையை எழுதினால் அதை எந்தக் கம்பைலரும் வேகமான குயிக் சார்ட்டாக மாற்றித் தராது, பத்து லட்சம் பதிவுகளை லிங்க்டு லிஸ்ட்டாக நினைவகமெங்கும் சிதறவிட்டு, தேவையான பதிவு செயலியின் கேஷில் (வேகமான சிறு நினைவகம்) இல்லாமல் தவறிக்கொண்டே இருந்தால் அதை அடுத்தடுத்து அடுக்கிய அரேயாக்கியும் தராது. உங்கள் மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

அப்புறம், அசெம்பிளி. வீடியோ டீகோடர்களில் அது இன்றும் தேவை. டேவ்1டி, எஃப்எஃப்எம்பெக் இரண்டிலும் வெக்டர் கட்டளைகளை (ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாள்பவை) கையால் எழுதுகிறார்கள், பலனும் பெரிது. உங்கள் லூப் அப்படிப்பட்டதா என்று ஊகிக்காதீர்கள், ஓ2 போட்டு பெர்ஃப் என்ற வேகம் அளக்கும் கருவியை வைத்து அளந்து பாருங்கள் (ஆப்டிமைஸேஷன் போடாமல் அளந்துவிட்டுக் கம்பைலரைத் திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்). அளந்த பிறகும் எழுதத்தான் வேண்டுமென்றால் சரி, எழுதுங்கள். பழைய சி வடிவத்தை மட்டும் அழிக்காதீர்கள், இரண்டும் ஒரே விடை தருகிறதா என்று ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒப்பிட அது வேண்டும்.