மிஸ்ஸ குரூப்ல ஏசிட்டேன், நவம்பர் 1-ஆம் தேதி எப்படி முகத்துல முழிக்க?

கேள்வி: எனக்கு ரெண்டு பிள்ளைய. மூத்தவன் ஆறாம் கிளாஸ், இளையவ மூணு, ஒரே மெட்ரிக் ஸ்கூல். வீட்டுக்காரர் சவுதில வேலை போயி திரும்பி வந்து ஒரு வருஷம் ஆச்சு. ஃபீஸ் கட்டாத பிள்ளைங்கள ஆன்லைன் கிளாஸ்ல இருந்து எடுத்துருவோம்னு மூத்தவனுக்க கிளாஸ் மிஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டாங்க. ராத்திரி வெப்ராளத்துல, 'வீட்ல சும்மா இருந்து சம்பளம் வாங்குற உங்களுக்கு எங்க கஷ்டம் எப்படித் தெரியும்'னு எழுதிட்டேன். பொறவு வேற பேரன்ட்ஸும் சேந்து இன்னும் மோசமா எழுத, மிஸ் குரூப்ப விட்டே போயிட்டாங்க. ஸ்கிரீன்ஷாட் மத்த கிளாஸ் குரூப்லயும் சுத்துது. கொரோனாவுல பூட்டுன ஸ்கூல இப்ப 2021 நவம்பர் 1-ஆம் தேதி திறக்காங்க, 'மிஸ் என்னைய என்ன செய்வாங்கம்மா'ன்னு பையன் கேக்கான். வீட்டுக்காரர் நீ எழுதுனது சரிதாங்கார். ஸ்கூலயே மாத்திரவா?
ஒரு அம்மா, தக்கலை

பதில்: தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் சொல்லுறதுல பாதி சரிதான், அந்த பாதிய முதல்ல பாத்துருவோம். ஃபீஸ் விஷயத்துல நீங்க கோவப்பட்டதுல ஒரு தப்பும் கிடையாது. 2021 ஜூலை 30-ஆம் தேதி சென்னை ஹைகோர்ட் 2021-22 வருஷ ஃபீஸப் பத்தி தெளிவா சொல்லியாச்சு, கொரோனாவுல வருமானம் அடிபட்ட குடும்பம்னா 75 சதவீதம், அடிபடாதவங்கன்னா 85 சதவீதம், அதையும் ஆறு தவணையா வாங்கணும், ஃபீஸ் பாக்கின்னு சொல்லி எந்தப் பிள்ளையையும் கிளாஸ்ல இருந்து வெளிய நிறுத்தக்கூடாது. இதைச் சொல்லி நீங்க கேக்க வேண்டிய ஆளு தாளாளர். ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதி, உங்க வீட்டுக்காரர் சவுதி வேலை போயி வந்ததுக்கு உள்ள பேப்பர ஜெராக்ஸ் எடுத்து சேத்து, ஆபீஸ்ல கொடுத்து இன்னொரு காப்பில சீல் வாங்கிக்கிடுங்க. பதில் வரலைன்னா நாகர்கோவில்ல சி.இ.ஓ., அதாவது முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸ் இருக்கு. அங்க போறதுக்கும் அந்த சீல் உள்ள காப்பிதான் வேணும், குரூப்ல எழுதுனது எதுவும் உதவாது.

ஆனா நீங்க கேட்டது தாளாளர இல்லையே, மிஸ்ஸல்லா கேட்டீங்க. அந்த மெசேஜ அவங்க சொந்தமா யோசிச்சு எழுதியிருப்பாங்கன்னா நெனைக்கீங்க? தனியார் ஸ்கூல்ல பொதுவா எப்படி நடக்கும்னா, ஆபீஸ்ல இருந்து ஹெச்.எம்முக்கு வரும், ஹெச்.எம் ஸ்டாஃப் குரூப்ல போடுவாங்க, சாயங்காலத்துக்குள்ள எல்லா கிளாஸ் டீச்சரும் ஃபார்வேர்ட் பண்ணணும், பண்ணுனதுக்கு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பணும், மாசக் கடைசில உன் கிளாஸ்ல எத்தனை பேரு கட்டலைன்னு அந்த மிஸ்ஸத்தான் புடிப்பாங்க. ஏச்சு ரெண்டு பக்கமும் அவங்களுக்குத்தான்.

அந்த 'சும்மா இருந்து சம்பளம்' இருக்கு பாருங்க, அதாக்கும் குத்தியிருக்கும். கொரோனா வந்த பொறவு எத்தனையோ தனியார் ஸ்கூல்ல டீச்சர்மாருக்குப் பாதிச் சம்பளம்தான், சில இடத்துல அதுவும் கிடையாது, பி.எட் முடிச்சவங்க துணிக்கடைல நின்னாங்க. கிளாஸ் எடுக்கது எப்படின்னு நெனைக்கீங்க, ஸ்டூல் மேல அரிசி டப்பாவ வச்சு அதுல போன சாத்தி, 'மைக்க ஆஃப் பண்ணு மக்களே'ன்னு பத்து தடவ சொல்லி, பாடம் ஆரம்பிக்கதுக்குள்ள மழை பெஞ்சு ஒரு ரப்பர் கொப்பு ஒடிஞ்சு லைன்ல விழுந்து கரண்ட் போயிரும், நம்ம மாவட்டத்துக்கு ஜூன்லயும் மழை ஐப்பசிலயும் மழை. ராத்திரி ஆனா ஹோம்வொர்க் போட்டோ வரும், நாப்பது பிள்ளைக்க நோட்டு, பாதி தலைகீழா இருக்கும் மீதி இருட்டா இருக்கும், அத விரலால பெருசாக்கி பெருசாக்கி திருத்தணும். அவங்க வீட்லயும் பிள்ளைய இருந்தா அதுவளுக்கும் அந்த ஒரே போன்தான், உங்க வீட்டு நெலமைதான் அங்கயும்.

இன்னொண்ணு கேக்கேன். அந்த மிஸ்ஸ நீங்க நேர்ல பாத்துருக்கீங்களா? 2020 மார்ச்ல பூட்டும்போது உங்க பையன் நாலாம் கிளாஸ், இப்ப ஆறு, நடுவுல அவன் கிளாஸ் ரூமையே பாக்கல. அவனுக்கு மிஸ்னா போன்ல தெரியுற முகம், உங்களுக்கு குரூப்ல ஒரு நம்பர். எதிர்ல நிக்குற ஆளுகிட்ட அந்த வார்த்தை உங்க வாயில வந்திருக்காது, நம்பருக்கு எழுதுறது லேசு. அதுக்கு தம்ஸ்-அப் போட்டு கூட ரெண்டு வரி எழுதுன ஆளுங்க எல்லாம் நவம்பர் 1 காலைல கேட்ல மிஸ்ஸப் பாத்து குட்மார்னிங் சொல்லிட்டுப் போயிருவாங்க, ஸ்கிரீன்ஷாட்ல மேல நிக்குறது உங்க பேரு மட்டுந்தான், பாத்துக்கிடுங்க.

அதனால மன்னிப்ப அந்தக் குரூப்லயே எழுதுங்க, மிஸ் இப்ப அதுல இல்லைன்னாலும் சரி, ஏனா நாலு பேரு பாக்க ஏசிட்டு தனியா போன்ல மன்னிப்பு கேட்டா அந்த நாலு பேருக்கும் தெரியாது. ரெண்டே வரி போதும். 'மிஸ் சும்மா இருந்து சம்பளம் வாங்குறாங்கன்னு நான் எழுதுனது தப்பு, அவங்ககிட்ட மன்னிப்பு கேக்கேன். ஃபீஸ் விஷயத்த ஸ்கூல் ஆபீஸ்ல நேர்ல பேசிக்கிடுவேன்.' இதுக்கு மேல ஒண்ணும் சேக்காண்டாம், 'ஆனா எங்க நெலமையும்'னு தொடங்குனா போச்சு, திரும்பவும் சண்டைதான். வாய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம், அழுதுருவீங்க, அதையும் ஒருத்தி ஃபார்வேர்ட் பண்ணுவா. அட்மின் மட்டும்தான் எழுதலாம்னு குரூப்ப பூட்டியிருந்தா அட்மின்கிட்ட சொல்லிப் போடச் சொல்லுங்க.

பொறவு ஸ்கூல் திறக்கதுக்கு முன்ன, பையன கூட்டாம, நேரம் கேட்டுட்டு போய் மிஸ்ஸப் பாருங்க. அன்னைக்கு ஃபீஸப் பத்தி வாயே திறக்காண்டாம். அவங்க முகம் கொடுக்காம 'சரி'ன்னு ஒத்த வார்த்தைல முடிச்சா முடிச்சுட்டுப் போகட்டும், குரூப்ப விட்டுப் போற அளவுக்கு நொந்த ஆளு உடனே சிரிக்கணும்னு நாம எதிர்பாக்கக் கூடாது.

இதெல்லாம் நடந்த பொறவு பையன்கிட்ட சொல்லுங்க, அம்மா தப்பாப் பேசிட்டேன், மிஸ்கிட்ட சொல்லியாச்சு, உனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதுன்னு. முன்னாடியே சொன்னா அவன் நம்ப மாட்டான், வீட்ல நீங்க ரெண்டு பேரும் மிஸ்ஸப் பத்திப் பேசுனத அவன் எல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்திருப்பான். இவ்வளவுக்கும் பொறவு மிஸ் அந்தக் கோவத்த பையன்கிட்ட காட்டுனா, அப்ப ஹெச்.எம்ம போய்ப் பாருங்க, அப்பவும் குரூப்ல இல்ல.

ஸ்கூல் மாத்துறது? இந்தக் காரணத்துக்கு மாத்தாண்டாம். 75 சதவீதமும் உங்களுக்கு முடியாதுன்னா அது வேற கணக்கு, பக்கத்துல உள்ள அரசுப் பள்ளிக்கு ரெண்டு பேரும் போய்ப் பாருங்க, இப்ப எத்தனையோ பேரு அங்கதான் சேக்காங்க, அதுல ஒரு கொறச்சலும் கிடையாது. ஆனா அத ஏப்ரல் முடிஞ்சு செய்யுங்க, ஒண்ணரை வருஷம் கழிச்சு கிளாஸுக்குள்ள போற பையன் முதல்ல பெஞ்சுல இருந்து பழகட்டும்.