சோளத்தைக் கோதுமை போல நெருக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கரில் இனிப்புச் சோளம் போட்டேன். பஞ்சாபில் கோதுமையை நெருக்கி விதைத்தே புல்லை அடக்குகிறார்கள் என்று மகன் போனில் காட்டினான். நானும் வரிசைக்கு 50 செ.மீ., செடிக்கு 15 செ.மீ. விட்டேன். 40ஆம் நாள் கிளைபோசேட் களைக்கொல்லியும் அடித்தேன். புல் சாகவில்லை, கதிரும் பல் போன வாய் மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: மகன் காட்டியது பொய்யில்லை அண்ணே, பயிர்தான் வேறு. கோதுமை அடியில் பல தண்டுகள் விட்டுத் தூர் கட்டும். சுமார் 20 செ.மீ. வரிசையில் சீக்கிரமே நிலத்தை மூடிவிடும். தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். சோளம் ஒற்றைத் தண்டு, காற்றை நம்பிய பயிர். அதற்கு 75க்கு 25 செ.மீ. வேண்டும். நீங்கள் ஒரு செடிக்கு விட்ட இடத்தின் பரப்பு அதில் பாதிகூட இல்லை, ஒரு இலையில் இரண்டரைப் பேரைப் பந்திக்கு உட்கார வைத்த கதை.

நெருக்கத்தில் முதலில் அடிபடுவது கதிர் நுனியில் தொங்கும் பட்டு நூல். ஒரு நூலுக்கு ஒரு மணி. நெருங்கிய செடியில் நூல் தாமதமாக வெளிவரும், அதற்குள் மேலே ஆண்பூ மகரந்தத் தூளைக் கொட்டி முடித்திருக்கும். அடுத்த முறை நூல் வந்த ஒரு வாரத்தில் இளங்கதிர் ஒன்றை ஒடித்து, மட்டையைப் பதமாக உரித்து உதறிப் பாருங்கள். சூல் பிடித்த மணியின் நூல் உதிரும், பிடிக்காதது ஒட்டிக்கொண்டே நிற்கும்.

புல்லுக்கு 40ஆம் நாள் ரொம்பத் தாமதம். சாப்பாட்டைத் தின்று முடித்த பிறகு விரட்டியிருக்கிறீர்கள். 15ஆம் நாள் ஒரு களைக்கொத்து, 30ஆம் நாள் உரம் வைத்து மண் அணைக்கும்போது இன்னொன்று. பிறகு நிழலே பார்த்துக்கொள்ளும்.

சாகாத புல்லின் அடி வெள்ளையாகத் தட்டையாக, கதிர் கேழ்வரகு விரல் போலப் பிரிந்திருந்தால் அது மலாயில் ரும்புட் சம்பாவ் என்னும் புல், கேழ்வரகுக்கே பங்காளி. கிளைபோசேட்டுக்கு அடங்காத சம்பாவ் 1997-லேயே உங்கள் தெலுக் இந்தான் பக்கம் தென்பட்டது. மருந்தின் அளவைக் கூட்டாதீர்கள், சாரல் பட்டால் சோளம்தான் முதலில் கருகும். விதை உதிரும் முன் வேரோடு கொத்தி வெளியே போடுங்கள்.

அடுத்த நடவில் ஓரமாக நீள வரிசை வேண்டாம். நாலைந்து வரிசை சேர்ந்த கட்டமாகப் போடுங்கள், தூள் வீணாகாது.