உட்கார்ந்த நிலையில் எட்டும் அலமாரி

கேள்வி: பக்கவாதத்திற்குப் பிறகு என் தாயார் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துகிறார், வலக்கை மட்டுமே நன்றாக இயங்குகிறது. அவருடைய அறைக்குப் புதிய மர அலமாரி செய்யவிருக்கிறோம். ஏழடி உயரமும் இரட்டைக் கதவும் மேலே பரணுமாகச் செய்வதுதான் வழக்கம் என்கிறார் தச்சர். பழைய இரும்பு பீரோவும் அங்கேயே இருக்கலாமா?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: தச்சர் சொல்லும் அளவு, நின்றுகொண்டு துணி எடுப்பவருக்கு உரியது. சக்கர நாற்காலியில் இருப்பவரின் கை எட்டும் எல்லையாக, அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல்தன்மைத் தரநிலைகள் தரையிலிருந்து 15 முதல் 48 அங்குலம் வரை குறிப்பிடுகின்றன. பொதுக் கட்டடங்களுக்கென வகுக்கப்பட்ட அந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பிளைவுட் அறுப்பதற்கு முன் தாயாரைச் சுவரோரம் பக்கவாட்டில் அமரச் செய்து, சிரமமில்லாமல் வலக்கை எட்டும் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். அன்றாடம் வேண்டிய புடவை, துண்டு, மருந்து எல்லாம் அந்த இரு கோடுகளுக்குள் அடங்க வேண்டும். துணி மாட்டும் கம்பியும் மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. பரண் இருந்துவிட்டுப் போகட்டும், அது உங்களுக்கு.

இரண்டடி ஆழத் தட்டில் பின்வரிசைத் துணி அவருக்கு எட்டாது. ஒன்றரை அடி ஆழம் போதும். அல்லது முழுவதும் வெளியே வரும் சேனல் பொருத்திய இழுப்பறைகளாகச் செய்யலாம். வலக்கை அலமாரிப் பக்கம் இருக்கும்படி நாற்காலி வந்து நிற்க, அலமாரியை ஒட்டி 30 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் கொண்ட இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். நேராக வந்து நிற்பதற்கும் வசதி வேண்டுமென்றால், அடிப்பகுதியில் 9 அங்குல உயரத்திற்கு 6 அங்குலம் உள்வாங்கிக் கட்டச் சொல்லுங்கள். நாற்காலியில் பாதம் வைக்கும் பலகை அதற்குள் நுழைந்துகொள்ளும்.

வெளிப்புறம் திறக்கும் கதவுக்காக ஒவ்வொரு முறையும் அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும். நகரும் கதவில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறந்திருக்கும். என்னைக் கேட்டால் கதவே வேண்டாம், திரைச்சீலை போதும் என்பேன். தச்சர் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு. கதவு வைப்பதானால் குமிழ்ப்பிடியைத் தவிர்த்து, விரல்களைக் கொடுத்து இழுக்கக்கூடிய வளைந்த கைப்பிடியைப் பொருத்துங்கள்.

இரும்பு பீரோவை வேறு அறைக்கு மாற்றிவிடுவதே நல்லது. இறுகப் பிடிக்காமல், மணிக்கட்டை முறுக்காமல், ஒரே கையால் இயக்க முடிய வேண்டும் என்பது மேற்சொன்ன தரநிலைகளில் உள்ள விதி. பீரோவிலோ சாவியைத் திருகி, கைப்பிடியைத் திருப்பி, கனத்த கதவையும் இழுத்தாக வேண்டும். அதிலுள்ள நகையும் பத்திரமும் தம் அறையிலேயே இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினால், புதிய அலமாரியில் இடுப்புயரத்தில் பூட்டுள்ள சிறிய இழுப்பறை ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்; பிடிக்க எளிதாக அகலத் தலையுள்ள அதன் சாவி அவரிடமே இருக்கட்டும்.