இரண்டு மருந்துச் சீட்டுகளும் ஒன்றையொன்று பார்க்கட்டும்

கேள்வி: எனக்கு வயது 44. பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். 12 வயதிலிருந்து ஆஸ்துமா. 6 வருடங்களாகச் சொரியாசிஸ். தலை, முழங்கை, முழங்கால், இடுப்பு என்று பல இடங்களில் செதில் உதிர்கிறது. இளைப்புக்கு ஒரு டாக்டரிடமும் தோலுக்கு வேறொரு டாக்டரிடமும் போகிறேன். இன்ஹேலர் பழகிவிடும் என்று பலரும் பயமுறுத்தியதால் மூச்சு முட்டும்போது மட்டும் நீல நிற இன்ஹேலரை எடுப்பேன். மற்ற நாட்களில் சால்பூட்டமால் மாத்திரை. போன மார்கழியில் மூச்சு மோசமானபோது மருந்துக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த மாத்திரைகளை 15 நாள் சாப்பிட்டேன். மூச்சும் சரியானது, தோலும் பளிச்சென்று ஆனது. நிறுத்திய மூன்றாவது வாரத்தில் உடம்பு முழுவதும் படை கிளம்பிவிட்டது. படபடப்புக்கும் கை நடுக்கத்துக்கும் தனியாக ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். அதன் அட்டையை இணைத்திருக்கிறேன். தோல் நோயை அடக்கினால் அது நெஞ்சுக்குள் போய் இளைப்பாகிவிடும் என்கிறார்களே, உண்மையா? நான் தொட்ட பாத்திரத்தை என் நாத்தனார் தனியாக வைக்கிறார். வருகிற தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அவளுக்கும் இது வருமா? அன்றாடம் கொஞ்சம் நிம்மதியாக இருக்க என்ன வழி?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்பு, நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு விஷயத்தைப் பற்றி முதலில் பேச வேண்டும். நீங்கள் அனுப்பிய அட்டையில் இருப்பது ப்ரோப்ரனலால். படபடப்புக்கும் நடுக்கத்துக்கும் பரவலாகக் கொடுக்கப்படும் நல்ல மருந்துதான். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாத மருந்து, ஏனென்றால் அது மூச்சுக் குழல்களைச் சுருங்கச் செய்யும், நீங்கள் அவசரத்துக்கு எடுக்கும் நீல இன்ஹேலர் வேலை செய்யும் வழியையும் அடைக்கும். அதோடு, சொரியாசிஸைக் கிளறிவிடக்கூடிய மருந்துகளின் பட்டியலிலும் இந்த வகை மாத்திரைகளுக்கு இடம் உண்டு. ஒரே மாத்திரை உங்கள் இரண்டு நோய்களுக்கும் எதிராக வேலை செய்து கொண்டிருந்திருக்கலாம்.

அந்தப் படபடப்பு எங்கிருந்து வந்தது என்பதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை என்று ஊகிக்கிறேன். சால்பூட்டமால் மாத்திரையின் வழக்கமான பக்க விளைவே நெஞ்சுப் படபடப்பும் விரல் நடுக்கமும்தான். இளைப்புக்கு மாத்திரை, அந்த மாத்திரையால் படபடப்பு, படபடப்புக்கு இன்னொரு மாத்திரை, அதனால் மறுபடியும் இளைப்பு என்று செக்கு மாடு போல இது சுற்றி வந்திருக்க வாய்ப்பிருக்கிறது. கடிதத்தை வைத்து நான் நோயை உறுதி செய்ய முடியாது. படபடப்புக்குத் தைராய்டு, இரத்த சோகை போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தவரையோ உங்கள் இளைப்பு மருத்துவரையோ இந்த வாரத்துக்குள்ளேயே பார்த்து, எனக்கு ஆஸ்துமா இருக்கிறது, இதை எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள். வெகு நாள் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்துவதும் சிலருக்கு இதயத் துடிப்பில் சிக்கலை உண்டாக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போடவும் வேண்டாம், நீங்களாக முடிவு செய்யவும் வேண்டாம்.

அடுத்தது மார்கழி மாதப் பொட்டலம். பெயரில்லாத மாத்திரையைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், 15 நாளில் மூச்சும் தோலும் சேர்ந்து சரியாகி, நிறுத்தியதும் தோல் முன்பைவிட மோசமானது என்று நீங்கள் எழுதியிருப்பது ஸ்டீராய்டு மாத்திரையின் கதையைப் போலவே இருக்கிறது. சொரியாசிஸ் உள்ளவர் ஸ்டீராய்டை வாய் வழியாகவோ ஊசியாகவோ எடுத்து நிறுத்தும்போது, அடங்கியிருந்த படை உடம்பெங்கும் கிளம்புவதும், சில வேளைகளில் சீழ்க் கொப்புளங்களாகவே மாறுவதும் தோல் மருத்துவர்கள் நன்கு அறிந்த ஆபத்து. இதைப் படித்துவிட்டு, இனி ஸ்டீராய்டு என்றாலே வேண்டாம் என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிடக் கூடாது. கடுமையான மூச்சுத் திணறலில் ஸ்டீராய்டு மாத்திரை உயிர் காக்கும் மருந்து. அந்த நேரத்தில் அதை மறுப்பது தவறு. எனக்குச் சொரியாசிஸும் இருக்கிறது என்று அப்போதே சொன்னால், எத்தனை நாள் கொடுப்பது, பிறகு தோலை எப்படிக் கவனிப்பது என்பதை மருத்துவர்கள் திட்டமிடுவார்கள்.

உங்கள் சிக்கலின் மையம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நோய்கள் இரண்டு, மருத்துவர்கள் இருவர், ஆனால் உடம்பு ஒன்று; இவருடைய சீட்டு அவருக்குத் தெரியாது. ஒரு சாதாரண 40 பக்க நோட்டு வாங்கி, எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரையும் அளவையும், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதியோடு எழுதி, இரு மருத்துவர்களிடமும் ஒவ்வொரு முறையும் விரித்துக் காட்டுங்கள். கண் சொட்டு மருந்தையும் விட்டுவிடாதீர்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்துகூட ஆஸ்துமாவைத் தூண்டிவிடும். ஒருவேளை தோல் மருத்துவர் மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்தால், அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து, தினமும் அல்ல என்பதை நோட்டில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். அதை எடுக்கும் காலத்தில் புதிதாக வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால், வழக்கமான இளைப்புதானே என்று இருந்துவிடாமல் உடனே காட்ட வேண்டும். அரிதாக அந்த மருந்தே நுரையீரலைப் பாதிப்பதுண்டு. உங்களிடம் ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் இரண்டு வைத்தியத்தையும் ஒரே மருத்துவமனையில், ஒரே கோப்பில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இனி, இன்ஹேலர் பழகிவிடுமா என்ற கேள்வி. பழகாது. கணக்கைப் பாருங்கள்: நீல நிறச் சால்பூட்டமால் இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், மாத்திரை ஒன்றில் இருப்பது பெரும்பாலும் 4 மில்லிகிராம், அதாவது 40 அழுத்தலுக்குச் சமமான மருந்து. அவ்வளவும் வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, ஊரெல்லாம் சுற்றிய பிறகே நெஞ்சுக்கு வருகிறது. இன்ஹேலரைக் கண்டு பயந்து மாத்திரையை விழுங்குபவர்கள் குறைவான மருந்தை விட்டுவிட்டு அதிகமான மருந்தை எடுக்கிறார்கள். ஆனால் நீல இன்ஹேலர் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். அது சுருங்கிய குழலை விரிக்குமே தவிர, உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அதைத் தணிப்பது ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர். உலக அளவில் ஆஸ்துமா வழிகாட்டுதல்களை வெளியிடும் ஜினா அமைப்பு, நீல இன்ஹேலரை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிப்பதைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்க முடியாது என்று 2019லேயே சொல்லிவிட்டது. இன்ஹேலர் ஸ்டீராய்டும் அதே ஸ்டீராய்டுதானே என்று நீங்கள் கேட்கலாம். அது மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போவது. வழக்கமான அளவில் இரத்தத்தில் கலக்கும் பங்கு சிறிது என்பதால், போன மார்கழியில் நடந்தது போன்ற எதிர்வினைக்குப் பயப்பட வேண்டியதில்லை. எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வெண்மையாகப் பூஞ்சை படியும்.

எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கப் பெரும்பாலான இடங்களில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அழுத்தும் வகை இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதடுகளால் இறுகக் கவ்வி, மெதுவாக மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, இழுத்து முடித்ததும் 10 விநாடி நிறுத்தி வைக்க வேண்டும். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை மாட்டிக்கொண்டால் கைக்கும் மூச்சுக்கும் நேரம் தப்பினாலும் மருந்து வீணாகாது. கேப்சூலைப் போட்டு இழுக்கும் பொடி வகைக்கு நேர் எதிர்: அதை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அடுத்த முறை மருத்துவர் முன்னாலேயே ஒரு முறை எடுத்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தோலை அடக்கினால் நெஞ்சுக்குள் போகும் என்பது உண்மையல்ல. ஆனால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. சிறு பிள்ளைகளுக்கு வரும் கரப்பான் அடங்கும் வயதில் சிலருக்கு இளைப்பு தலைகாட்டுவதுண்டு. அதைக் கண்ட பெரியவர்கள் ஒன்று மற்றொன்றாக மாறியது என்று எண்ணியிருப்பார்கள். அவை இரண்டும் ஒவ்வாமைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சொரியாசிஸ் வேறு வகை. நோய் எதிர்ப்பு மண்டலம் தேவையில்லாமல் முடுக்கிவிடுவதால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் நடக்க வேண்டிய தோல் புதுப்பிப்பு சில நாட்களிலேயே நடந்து, முதிராத தோல் அடுக்கடுக்காகச் செதிலாகிறது. அதில் வெளியேற வேண்டிய நஞ்சும் இல்லை, உள்ளே திருப்பி அனுப்பப்படுவதும் இல்லை. தொற்றும் இல்லை. உங்கள் நாத்தனாரிடம் இதைச் சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், தோல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒருமுறை அவரையும் துணைக்கு அழைத்துப் போங்கள். நூறு முறை நாம் சொல்வதைவிட வெள்ளைக் கோட்டு ஒருமுறை சொல்வது எடுபடும் என்பது நம் வீடுகளின் நடைமுறை.

அன்றாட நிம்மதி பெரும்பாலும் குளியலறையில் தொடங்குகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்து, நார் போட்டுத் தேய்க்காமல், துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுவதும் காயும் முன்பே தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத வாசலினோ தடவுங்கள். வாசனையில்லாதது என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் மூச்சு. நறுமண லோஷன் தோலுக்கு ஒத்துக்கொண்டாலும் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சீயக்காய்த் தூளை உலர்வாகக் கொட்டிக் குழைக்கும்போது பறக்கும் தூசும் அப்படித்தான். தலைச் செதிலை இரவே எண்ணெய் தடவி ஊறவைத்து, காலையில் மெல்லச் சீவி எடுங்கள், நகத்தால் பெயர்க்காதீர்கள். சொரியாசிஸ் உள்ளவருக்குக் கீறலோ உராய்வோ பட்ட இடத்தில் புதிய படை முளைக்கும். ஹைன்ரிக் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1870களில் கவனித்துச் சொன்ன இந்த இயல்புக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. உங்கள் இடுப்பில் படை இருப்பதற்குப் பாவாடை நாடாவின் இறுக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். அகலமான பட்டி வைத்துத் தைத்துப் பாருங்கள். இன்னொரு எச்சரிக்கை: வாசலின் போன்ற களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். பூசிய கையோடு அடுப்பருகே நிற்க நேர்ந்தால் புடவைத் தலைப்பில் கவனமாக இருங்கள்.

காலை வெயில் 10, 15 நிமிடம் படுவது பலருக்கு நல்லது. தோல் சிவக்கும் அளவுக்கு வேண்டாம். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப் படை என்று சொல்லப்படும் சொரியாசிஸுக்குத் தரும் வெட்பாலைத் தைலத்தை மேலே பூசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நோட்டில் எழுதினால் சரி. உள்ளே சாப்பிடச் சொல்லி யாராவது லேபிள் இல்லாத சூரணமோ உருண்டையோ கொடுத்தால், மார்கழிப் பொட்டலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் கேட்டு வாங்கும் படைக் களிம்புகளும் அப்படியே. பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும், அதனால்தான் 2018இல் அத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு விதித்தது. கத்திரிக்காய், கருவாடு பத்தியத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: உங்களுக்குச் சாப்பிட்டதும் தெளிவாகத் தொல்லை தருவதை மட்டும் விடுங்கள். எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது மூச்சு, தோல் இரண்டுக்கும் உதவும்.

வேலை செய்யும் இடத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை மூச்சு லேசாகவும் திங்கட்கிழமை மாலை கனமாகவும் இருக்கிறதா என்று ஒரு மாதம் அதே நோட்டில் குறித்து வாருங்கள். அப்படி இருந்தால் துணியிலிருந்து பறக்கும் பஞ்சு இழைக்கு அதில் பங்கு உண்டு என்று மருத்துவரிடம் காட்டலாம். கட்டிங் மேசையிலிருந்து தள்ளி இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவும் அந்தக் குறிப்பு பயன்படும். வீட்டில் கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை, சாம்பிராணிக்குப் பதில் விளக்கு மட்டும். காலையில் கைவிரல் மூட்டுகளோ குதிகாலோ அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், அது நின்று வேலை செய்யும் அலுப்பு என்று விடாதீர்கள். சொரியாசிஸ் மூட்டையும் தாக்கும். அதற்காக வலி மாத்திரை வாங்கும்போதும் ஆஸ்துமாவைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்றவை சிலருக்கு மூச்சை அடைத்துவிடும்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நீல இன்ஹேலர் எடுத்தும் தணியாவிட்டாலோ 108ஐ அழையுங்கள். குளிர் காய்ச்சலோடு உடல் முழுவதும் சிவந்தாலும், சீழ்க் கொப்புளங்கள் கிளம்பினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு நோய்க்கும் பரம்பரைச் சார்பு உண்டு என்பதை மறைக்க மாட்டேன்; ஆனால் தாய்க்குச் சொரியாசிஸ் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது வருவதே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் தொற்றாத நோய், மருந்து எடுக்கிறேன் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

தைக்கு முன்பு மார்கழிப் பனியும் போகிப் புகையும் இருக்கின்றன. தினசரி இன்ஹேலரை ஐப்பசியிலேயே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கிவிட்டால் முகூர்த்த நாளில் நீங்கள் நிம்மதியாக நிற்க முடியும். ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றியும் அப்போதே கேளுங்கள். மணமேடையில் ஓமம் வளர்ப்பதாக இருந்தால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் இடம் பிடியுங்கள். ஜரிகை அழுத்தும் முழங்கைக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்து ரவிக்கையைத் தைக்கச் சொல்லுங்கள். நீல இன்ஹேலரை மண்டபத்து அறையில் பூட்டி வைக்காமல், அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் கையில் கொடுத்து வையுங்கள். அந்த ஒருவர் உங்கள் நாத்தனாராகவே இருக்கலாம்.