ஷார்கோ ஏமாந்த இடம்

கேள்வி: பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோவை நரம்பியலின் தந்தை என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். ஏழைப் பெண்களை மேடையேற்றி, ஹிப்னாடிசம் செய்து, பாரிஸ் கூட்டத்துக்கு வேடிக்கை காட்டியவர்தானே அவர்? ஃபிராய்டின் குரு என்பதைத் தவிர வேறு என்ன தகுதி இருக்கிறது அவருக்கு? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: மேடையேற்றியது உண்மை. அதற்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை, கீழே வருகிறேன். ஆனால் ‘வேறு என்ன தகுதி’ என்று கேட்டீர்கள் பாருங்கள், அதை அப்படியே விட முடியாது.

முதலில் அந்த ஃபிராய்டு விஷயம். 1885 அக்டோபரில் பாரிஸ் போனவர் அடுத்த பிப்ரவரியில் கிளம்பிவிட்டார், அவ்வளவுதான் அந்த சகவாசம். அப்போதே ஷார்கோவுக்கு அறுபது வயது. பேர் சொல்லும் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிட்டிருந்தார். கை நடுக்கத்தோடு வருபவரிடம் டாக்டர் ‘பார்கின்சன்’ என்கிறாரே, 1817-இல் அந்த நோயை எழுதிவைத்த லண்டன் மருத்துவரின் பெயரை அதற்குச் சூட்டியவர் ஷார்கோதான். ஸ்டீபன் ஹாக்கிங்கை நாற்காலியில் முடக்கிய ஏ.எல்.எஸ். நோயைப் பிரான்சில் இன்றைக்கும் ‘ஷார்கோ நோய்’ என்றுதான் சொல்கிறார்கள்.

இதெல்லாம் எப்படிக் கிடைத்தது என்பதுதான் விஷயமே. வண்டி செய்பவரின் மகன், 1825-இல் பிறந்தவர், கற்பிக்கும் பதவிக்கான போட்டித் தேர்வில் 1857-இல் தோற்று 1860-இல் ஜெயித்தவர், 1862-இல் பாரிஸின் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்கிறார். ஆஸ்பத்திரி என்று சொன்னாலும் அது நாதியற்ற பெண்களைக் கொண்டுபோய்த் தள்ளும் இடம்; கிழவிகள், வலிப்புக்காரர்கள், மனநோயாளிகள் என்று சுமார் 5000 பேர். வேறு மருத்துவர்கள் கொஞ்ச நாள் இருந்துவிட்டு நல்ல இடம் கிடைத்ததும் ஓடிவிடுவார்கள். ஷார்கோவும் நண்பர் வுல்பியானும் வார்டு வார்டாகப் போய் ஒவ்வொருத்தியையும் பரிசோதித்துக் குறிப்பெடுத்தார்கள். நோயாளியை எதிரே உட்கார வைத்து, பேச்சே இல்லாமல், மேஜையில் விரலால் தட்டியபடி பார்த்துக்கொண்டே இருப்பாராம் ஷார்கோ. ஒரே நோயாளியை வருஷக்கணக்கில் பார்ப்பது, அவர் இறந்த பிறகு மூளையையும் தண்டுவடத்தையும் திறந்து, உயிரோடு இருந்தபோது எழுதிய குறிப்போடு வைத்துப் பார்ப்பது. அந்தப் பெண்கள் அங்கேயே இருந்து அங்கேயே செத்தார்கள் என்பதால்தான் இது முடிந்தது, இதையும் மறக்கக் கூடாது.

நடுக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா நடுக்கத்தையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்த காலம். ஷார்கோ பார்த்தார்: சிலருக்குக் கை சும்மா மடியில் கிடக்கும்போது நடுங்குகிறது, சிலருக்கு டம்ளரை எடுக்கப் போகும்போதுதான் நடுங்குகிறது. முதலாவது பார்கின்சன். இரண்டாவது வகையினர் இறந்தபின் திறந்தால் மூளையிலும் தண்டுவடத்திலும் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகக் கெட்டிப்பட்டுக் கிடந்தது. 1868-இல் அதைத் தனி நோயாகவே நிறுவினார், இன்று மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறோம். பாடம் நடத்தும்போது, வித்தியாசம் பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று நோயாளிகளின் தலையில் நீள இறகு வைத்த தொப்பியை மாட்டிவிடுவார். இறகு ஆடுகிற விதமே சொல்லிவிடும். ஏ.எல்.எஸ்.ஸிலும் இதே கதைதான்: கை தசை கரைகிறது, கால் விறைக்கிறது, திறந்து பார்த்தால் தண்டுவடத்தின் முன்பக்க நரம்பணுக்கள் அழிந்திருக்கின்றன, பக்கவாட்டு நார்கள் கெட்டிப்பட்டிருக்கின்றன. இரண்டும் சேர்ந்தது ஒரே நோய் என்று சொன்னார், 1874-இல் பெயரும் வைத்தார்.

இப்போது நீங்கள் சொன்ன மேடைக்கு வருவோம்.

ஹிஸ்டீரியாவிலும் (வலிப்பு, முடக்கம், மயக்கம் என்று வருவதை அன்று அப்படி அழைத்தார்கள்) அதே ஆள், அதே கண். ஆனால் இங்கே திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. நோயே வேறு மாதிரியோ என்று அந்த இடத்தில் அவர் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ பழுது இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, வலிப்புக்கு நான்கு கட்டம், ஹிப்னாடிசத்துக்கு மூன்று நிலை என்று சட்டம் எழுத ஆரம்பித்துவிட்டார். ஹிஸ்டீரியா பெண்களை வலிப்பு நோயாளிகளோடு ஒரே வார்டில் வைத்திருந்தார்கள்; பார்த்ததெல்லாம் உடம்பில் ஒட்டிக்கொள்ளாதா? ஹிப்னாடிசம் செய்ததும் பெரும்பாலும் உதவியாளர்கள்தான், பேராசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். நான்சி நகரத்துப் பேராசிரியர் பெர்ன்ஹைம், இதெல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுத்து வருவது என்று நேராகவே எழுதினார். ஷார்கோ கேட்கவில்லை. இறந்த உடம்பு அவரைத் திருத்த முடிந்த இடத்திலெல்லாம் சரியாகவே சொன்ன மனிதர், திருத்த எதுவும் இல்லாத இடத்தில், எதிர்த்துப் பேச ஆள் இல்லாத ஒரு ஆஸ்பத்திரியில் ஏமாந்துபோனார். விலை கொடுத்தது அந்தப் பெண்கள். பதினாலு வயதில் உள்ளே வந்து, போட்டோ போட்டோவாக எடுக்கப்பட்ட அகுஸ்தீன், 1880-இல் ஆண் வேஷத்தில் தப்பி ஓடினாள். இதை நினைத்தால் எனக்கும் கோபம்தான் வருகிறது.

ஒன்று மட்டும் அவர் பக்கம் சொல்ல வேண்டும். ஹிஸ்டீரியா பெண்களின் கருப்பைக் கோளாறு என்று உலகமே சொன்னபோது, ரயில் விபத்தில் அடிபட்ட தொழிலாளிகளைக் கொண்டுவந்து, ஆணுக்கும் வருகிறது, நடிப்பு இல்லை என்று அடித்துச் சொன்னவரும் அவரே.

1893 ஆகஸ்டில் செத்தார். அதற்குக் கொஞ்சம் முன்பு, ஹிஸ்டீரியா பற்றிய தன் கருத்து பழசாகிவிட்டது, அடியோடு மாற்றி எழுத வேண்டும் என்று செயலாளர் கினோனிடம் சொல்லியிருக்கிறார். எழுத நாள் இருக்கவில்லை. அந்த வேலை சிஷ்யர் பபின்ஸ்கிக்குப் போயிற்று. ஷார்கோ பாடம் நடத்துவதை ஓவியர் புரூயே 1887-இல் வரைந்த ஓவியத்தில், மயங்கிச் சாயும் ஹிஸ்டீரியா நோயாளி பிளான்ஷ் விட்மனைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருப்பவர் பபின்ஸ்கிதான். 1896-இல் தொடங்கி அவர் எழுதியது இது: உள்ளங்காலைக் கீறினால் கால் கட்டைவிரல் மேலே போகிறதா, பழுது மூளையிலோ தண்டுவடத்திலோ இருக்கிறது, ஹிஸ்டீரியா முடக்கத்தில் அது போகாது. குரு எந்த இடத்தில் ஏமாந்தாரோ, அங்கே வைப்பதற்கு ஒரு சோதனை கிடைத்துவிட்டது. குருவின் வார்டில் பார்க்கக் கற்றுக்கொண்டவர் கண்டுபிடித்தது, இன்றைக்கும் நரம்பியல் டாக்டர்கள் செய்கிறார்கள்.