மாத்திரை அட்டையில் அங்கங்கே ஓட்டை

"கருத்தடை மாத்திரைக்கு ஏன் செயற்கை ஹார்மோன்? உடம்பில் சுரப்பதையே கொடுத்தால் ஆகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மாதாமாதம் கருமுட்டை வெளிவந்த பிறகு சினைப்பை புரோஜெஸ்டிரானைச் சுரக்கும். அது ரத்தத்தில் இருக்கும்வரை, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இன்னொரு முட்டை வெளிவரச் சொல்லி சினைப்பைக்கு உத்தரவு அனுப்பாது. மாத்திரையும் இதையேதான் செய்கிறது, முதல் முட்டை வெளிவரும் முன்பே. ஆனால் இயற்கைப் புரோஜெஸ்டிரானை விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். 1951-ல் மெக்சிகோ நகரத்தில் வேதியியலாளர் கார்ல் ஜெராசியின் குழு, காட்டுக் கிழங்கில் கிடைத்த மூலப்பொருளிலிருந்து நாரெத்திஸ்டிரோனை உருவாக்கியது. விழுங்கினாலும் வேலை செய்யும் செயற்கைப் புரோஜெஸ்டிரான் அது. செயற்கை என்றதும் பலர் பயப்படுகிறார்கள். வயிற்றையும் கல்லீரலையும் தாண்டி ரத்தத்துக்குப் போய்ச் சேரத்தான் இந்த மாற்றம்.

எங்களிடம் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள். 21-ல் ஹார்மோன்: லெவோநார்ஜெஸ்ட்ரல் (செயற்கைப் புரோஜெஸ்டிரான்) 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ராடியால் (செயற்கை ஈஸ்ட்ரோஜன்) 0.03 மி.கி. மீதி 7 வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில் ஹார்மோன் இறங்குவதால்தான் தீட்டு வருகிறது.

ஒரு பெண் நீட்டிய அட்டையை இன்னும் மறக்கவில்லை. வரிசையாக இல்லாமல் அங்கங்கே ஓட்டை. "அவர் லாரியில போயிட்டு வர்ற அன்னிக்கு மட்டும் போட்டுக்கறேன் சிஸ்டர்" என்றாள். அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அட்டையைக் கொடுத்தவர்கள் யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். தினமும் போட்டால்தான் ரத்தத்தில் அளவு நிற்கும். விட்டுவிட்டுப் போட்டால் முட்டை வெளிவந்துவிடலாம். நல்லவேளை, சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை.

அப்புறம் ஒன்று. 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள், ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், கண்ணில் மின்னல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், அதிக ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் மாத்திரையின் வீரியம் குறைந்துவிடும். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணுக்குத் தினமும் ஞாபகம் வைப்பது கஷ்டம் என்று தெரிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியைப் பற்றிச் சொன்னேன். அதுவும் செயற்கைப் புரோஜெஸ்டிரான்தான், 150 மி.கி. தீட்டு ஒழுங்கில்லாமல் போகலாம், நின்றேகூடப் போகலாம். ஊசியை நிறுத்தினால் கரு தங்கச் சில மாதங்கள் தள்ளலாம் என்பதையும் மறைக்கவில்லை. யோசித்துவிட்டு, "சரி, போடுங்க" என்றாள். அடுத்த தேதியைத் தன் கையாலேயே காலண்டரில் வட்டம் போடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.